கோந்தருக்கு ஒரு மணி பத்து நிமிஷம்

எனக்குப் பொய் சொல்ல வராது. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். பதினெட்டு வருஷமாக அடிஸ் அபாபாவில், ஷோலா சந்தையில் மிளகாய்ப்பொடி விற்கிறேன். ஒருநாள் பொடியில் உப்பு கூடிவிட்டால், வாங்க வந்தவளிடம் நானே "இன்னிக்கு உப்பு தூக்கல், நாளைக்கு வா" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். "உன்ன வச்சுக்கிட்டு வியாபாரம் எப்படி உருப்படும்" என்று என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். அப்படிப்பட்டவளைப் பிடித்து, ஒரு பொய்யை மடியில் கட்டிக்கொண்டு ஒரு மணி பத்து நிமிஷம் உட்காரச் சொல்லி விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். அதுவும் யார் பக்கத்தில்? தாம்தே அண்ணன் பக்கத்தில். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போன கதைதான்.

தாம்தே அண்ணன் யார் என்று சொல்லிவிடுகிறேன். மெர்காத்தோ சந்தையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகையில் பெட்டி தைக்கிறவர். பெட்டிக்குச் சக்கரம் போடுவார், ஜிப் மாற்றுவார், அறுந்த கைப்பிடியைத் தைத்துக் கொடுப்பார். எல்லாவற்றுக்கும் ஒரே நூல், தடித்த பழுப்பு நைலான் நூல். தன் சட்டைப் பொத்தான் அறுந்தாலும் அதே நூல்தான். "சட்ட கிழிஞ்சாலும் பொத்தான் நிக்கும்" என்பார். அவர் மனைவி பெலாய்னெஷ் அந்தப் பொத்தான்களைப் பார்க்கும்போதெல்லாம் "என் புருஷனக் கப்பல்ல அனுப்பலாம், உடையாம போய்ச் சேருவாரு" என்று சிரிப்பாள். பெலாய்னெஷும் நானும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருபது வருஷம் குடியிருந்தவர்கள். காப்பி வறுத்தால் எனக்கொரு குரல், மிளகாய் இடித்தால் அவளுக்கொரு குரல், அவ்வளவு பழக்கம்.

பெட்டி தைப்பது அவர் பிழைப்பு. ஆனால் தெரு அவரை மதித்தது வேறொன்றுக்காக. எங்கள் ஆட்கள் சாவுச் சேதியைப் போனில் சொல்ல மாட்டார்கள். தனியாக இருக்கிறவரிடம் சொல்ல மாட்டார்கள். வழியில் போய்க்கொண்டிருப்பவரிடம் சொல்லவே மாட்டார்கள். சொந்தமும் தெருவும் வாசலில் கூடி நின்று, விழுந்தால் பிடிக்க நாலு கை இருக்கும்போதுதான் வாயைத் திறப்பார்கள். சாவு வெளியூரில் என்றால், "லேசா காய்ச்சலாம், உன்னப் பாக்கணுமாம்" என்று சொல்லி ஆளைக் கூட்டிப்போக வேண்டும். கூட ஒருவர் போவார். போகிறவர் முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. எங்கள் தெரு இழவுச் சங்கத்துக்கு அந்த ஆள் தாம்தே அண்ணன்தான். இதுவரை முப்பத்தாறு பேரைக் கூட்டிப்போய் விட்டிருக்கிறார்.

அவர் சும்மா இந்த வேலைக்கு வரவில்லை. இளவயதில் அவர் அப்பா கோந்தரில் இறந்தபோது, "அப்பாவுக்கு உடம்பு சரியில்ல" என்று சேதி வந்து பஸ்ஸில் ஏறியிருக்கிறார். பாதி வழியில் ஒரு ஊர்க்காரன் ஏறி, "உங்கப்பா தங்கமான மனுஷன், நேத்தே பொதச்சாச்சு, நீ இப்பதான் போறியா" என்று கேட்டுவிட்டான். மிச்ச பதினோரு மணி நேரத்தையும் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்திருக்கிறார். அழவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. "வழியில ஒருத்தருக்கும் அந்தக் கதி வரக் கூடாது" என்று அன்றைக்கு நினைத்தவர்தான்.

அதனால் அவர் ஊர்களை அளக்கிற விதமே வேறு. நமக்கு ஜிம்மா காப்பி விளைகிற ஊர். அவருக்கு ஜிம்மா ஐம்பது நிமிஷம். "ஐம்பது நிமிஷம் ஒண்ணுமே இல்ல, ஏறி பெல்ட் போட்டு எறங்கறதுக்குள்ள ஊர் வந்துரும். டிரெதாவா ஒரு மணி, அதுவும் தாங்கலாம். மெக்கெல்லேதான் உயிர எடுக்கும், ஒண்ணேகால் மணிக்கு மேல. கோந்தர் ஒரு மணி பத்து நிமிஷம்" என்பார். அந்த ஒரு மணி பத்து நிமிஷத்தையும் துண்டு போட்டு வைத்திருந்தார். ஏறுகிற பதினைந்து நிமிஷம் பயத்தில் போய்விடும், அப்போது யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பிறகு டீயும் பிஸ்கட்டும் வரும். கப்பை எடுத்துக்கொண்டு போன பிறகு, இறங்கப் போகிறோம் என்று சொல்கிறவரை ஒரு அரைமணி நேரம் இருக்கிறதே, அதுதான் கண்டம்.

"கைக்கு வேலை இல்லாதப்பதான் மனுஷன் யோசிப்பான். அப்ப பேச்சு குடுத்துக்கிட்டே இருக்கணும்."

கொஞ்சம் பெருமையும் உண்டு அவருக்கு. காப்பிக்கு உட்கார்ந்தால் ஜிம்மா வாத்தியார் கதையைச் சொல்லாமல் எழ மாட்டார். வாத்தியாருடைய ஒரே மகன் போய்விட்டான். தாம்தே அண்ணன் கூட்டிப்போனார். "டீ வந்தப்ப அந்த மனுஷன் பிஸ்கட்டப் பாதியாப் பிச்சு எனக்குக் குடுக்குறாரு. 'நீங்க காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல, சாப்பிடுங்க'ன்னு. பாதிய அவரும் தின்னாரு. தெரிஞ்சவன் தின்பானா? முப்பத்தாறு பேர்ல ஒருத்தருக்கும் ஒரு துளி தெரியல." பெலாய்னெஷ் இந்தக் கதையை நூறு தடவை கேட்டிருப்பாள். "போதும், வாத்தியார் அந்த பிஸ்கட்ட இன்னும் மென்னுக்கிட்டு இருக்காரு" என்பாள்.

அந்த பெலாய்னெஷ் நாலு மாதத்துக்கு முன்னால் கோந்தருக்குப் போனாள். அங்கே கல்யாணம் செய்து கொடுத்திருந்த மகள் லெம்லெமுக்குத் தலைப்பிரசவம். ஆண் குழந்தை. நாற்பதாம் நாள் ஞானஸ்நானம் முடித்து வருகிறேன் என்றவள், குழந்தைக்குச் சளி, மகளுக்கு இடுப்பு வலி என்று நாளைத் தள்ளிக்கொண்டே போனாள். அடுத்த ஞாயிறு வருவதாக இருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் சங்கத்துத் தலைவர் அயலேவ் என் வீட்டுக்கு வந்தார். வந்தவர் நிற்காமல், "உக்காரும்மா ஸெனெபெச்" என்றார். எனக்குத் தம்பி நினைப்புதான் முதலில் வந்தது. என் தம்பி சிசாய் கோந்தரில்தான் லாரி ஓட்டுகிறான்.

"உன் தம்பி நல்லா இருக்கான்," என்றார் முதலில். பிறகு சொன்னார். பெலாய்னெஷ் மத்தியானம் மகளுக்குப் பார்லிக் கஞ்சி கிண்டிக்கொடுத்துவிட்டு, "ஒரு மாதிரியா வருது" என்று சுவரோரம் உட்கார்ந்தாளாம். அவ்வளவுதான். எழுந்திருக்கவில்லை.

நான் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் தாம்தே அண்ணன் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு மத்தியானம் அடக்கம். பாதிரியார் அதுக்கு மேல காத்திருக்க மாட்டேன்னுட்டாரு," என்றார் அயலேவ். "ரோட்டு வழி எழுநூத்திச் சொச்சம் கிலோமீட்டர், பஸ்ஸுல ரெண்டு நாள் ஆகும். காலை விமானம்தான் ஒரே வழி. ஆனா அந்த மனுஷன்கிட்ட எந்தக் காய்ச்சல் கதைய நாம சொல்ல முடியும்? எல்லாக் கதையும் அவரு தச்சுக் குடுத்ததுதானே. அதனால அவரு வேலையவே அவருக்குக் குடுத்துட்டேன்."

"என்ன வேலை?"

"ஸெனெபெச்சோட தம்பி செத்துட்டான், அவளுக்குத் தெரியாது, கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "உயிரோட இருக்கறவன எதுக்குய்யா கொல்றீங்க? வேற ஆளே கெடைக்கலயா? என் மூஞ்சில ஓடுறத தெருவே படிக்குமே!"

"அது நல்லதுதாம்மா. நீ பதறினா தம்பிக்குக் காய்ச்சல்னு பதறுறேன்னு நெனைப்பாரு. அழுதாலும் பரவால்ல. அவரு கண்டுபிடிக்காம கோந்தர்ல எறங்கிட்டா போதும். அப்பா சாவுக்குப் போறப்ப நடந்தது அவருக்கு இன்னொரு தடவ நடக்கக் கூடாது. நடந்தா நம்ம சங்கம் இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

சரி என்று தலையாட்டினேன். அரைமணி கழித்து தம்பி சிசாயே போன் செய்தான். "அக்கா, நான் செத்துட்டேனாமே? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல" என்றான். சொல்லிவிட்டு அவனே தேம்பித் தேம்பி அழுதான். லெம்லெமின் பிரசவத்துக்கு நடுராத்திரி வண்டி எடுத்துப் போனவன் அவன். பெலாய்னெஷ் கையால் எவ்வளவோ சாப்பிட்டிருக்கிறான்.

விடியுமுன்னே தாம்தே அண்ணன் வந்துவிட்டார். கையில் ரொட்டி, அவித்த முட்டை. கூட்டிப்போகிற ஆளுக்கு முதலில் வயிற்றை நிரப்ப வேண்டும் என்பது அவர் சட்டம். இழவு வீட்டுக்குள் போய்விட்டால் மூன்று நாளைக்கு ஒரு வாய் இறங்காது. எனக்கும் அயலேவ் அதையேதான் சொல்லியிருந்தார், அவரைச் சாப்பிட வை என்று. நான் இஞ்சேரா அப்பமும் பருப்பும் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"சாப்பிடு தங்கச்சி. காய்ச்சல்காரனப் பாக்க வெறும் வயித்தோட போகக் கூடாது," என்று ஒரு வாய் சுருட்டி என் வாயில் வைத்தார்.

"நீங்க சாப்பிடுங்கண்ணே," என்று நான் ஒரு வாய் சுருட்டி அவர் வாயில் வைத்தேன்.

அவர் இன்னொன்று, நான் இன்னொன்று. என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டார். விழுங்கியது ஒவ்வொன்றும் நெஞ்சிலேயே நின்றது எனக்கு. சாப்பிட்டு முடித்ததும் என் போனை வாங்கி அணைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். "விமானத்துல கூடாது" என்றார். அவர் போனை எப்படி வாங்குவது என்று ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்தேன். அவரே அதையும் அணைத்துவிட்டார். "பெலாய்னெஷ் போன் தண்ணியில விழுந்துருச்சாம். லெம்லெம் வீட்டுலேர்ந்து சேதி வந்துச்சு. இனிமே எனக்கு யாரு போன் பண்ணப் போறா," என்றார்.

போன் தண்ணீரில் விழுந்தது என்பதும் அவர் சொல்லிக்கொடுத்த பொய்தான். ஊரில் எத்தனையோ போன்களைத் தண்ணீரில் போட்டவர் அவர். தனக்கு என்று வரும்போது அந்த மனுஷனுக்கு அது உறைக்கவே இல்லை. பையை எடுக்கிற சாக்கில் உள்ளே ஓடினேன்.

அந்தப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வாரம்தான் அதற்கு ஜிப் மாற்றிக் கொடுத்தார். அதற்குள் என் கறுப்பு உடை இருந்தது. அதோடு இன்னொன்றை அயலேவின் மனைவி ராத்திரி கொண்டுவந்து திணித்துவிட்டுப் போயிருந்தாள். தாம்தே அண்ணனின் கறுப்புச் சட்டை. எந்தச் சாவுக்கும் அவர் போடுகிற சட்டை. கொடியில் காய்ந்துகொண்டிருந்ததை அவர் பார்க்காத நேரத்தில் உருவியிருக்கிறாள். "அங்க போய் எறங்கினா போட்டுக்க வேணாமா? வெள்ளச் சட்டையோடயா பொண்டாட்டிய அடக்கம் பண்ணுவாரு?" என்றாள். அப்போது அது சரி என்றுதான் எனக்கும் பட்டது. காலையில் அவர் கொடியில் எதையோ தேடிவிட்டு, நான் பார்த்ததும் "காலுறை" என்று சொல்லிச் சிரித்தார். என்னிடம் கறுப்புச் சட்டை என்று வாயெடுக்க அவருக்கு வழியில்லையே.

விமான நிலையத்தில் பெண்கள் வரிசையில் என் பையைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே மிளகாய்ப்பொடிப் பொட்டலம் ஒன்று இருந்தது, மகளுக்கு என்று பெலாய்னெஷ் போன மாதம் கேட்டிருந்தாள், பழக்கதோஷத்தில் எடுத்துவைத்திருக்கிறேன். சோதனை செய்த பெண் பொட்டலத்தைத் தூக்கினாள், அடியில் கறுப்பைப் பார்த்தாள், பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்த தாம்தே அண்ணனைப் பார்த்தாள். "தெரியாதா?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் தெரியாது என்று தலையை ஆட்டினேன். பொட்டலத்தை உள்ளே வைத்து, "போங்கம்மா" என்றாள். நான் அவசரமாக ஜிப்பை இழுத்து மூடினேன். எதுவோ சிக்கியது. பார்க்க நேரமில்லை, அவர் வந்துவிட்டார்.

ஜன்னல் இருக்கை எனக்கு, வழியோர இருக்கை அவருக்கு. கூட்டிப்போகிறவர் எப்போதும் வழியை மறித்துத்தான் உட்காருவார். விமானம் ஓட ஆரம்பித்ததும் என் கால் தானாக ஆடத் தொடங்கியது. பெல்ட்டைக் கழற்றினேன், மாட்டினேன். கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நிமிஷம் போயிருந்தது. எங்கள் ஊர் மலை கீழே போனது, மேகம் வந்தது, மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு நிமிஷம்.

"பயமா தங்கச்சி?"

"இல்லண்ணே. தம்பி நெனப்பு."

"ஒண்ணும் ஆகாது. இந்தக் காலத்துல காய்ச்சல் எல்லாம் ஒரு மாத்திரையில போயிரும்," என்று என் கையைத் தட்டினார். எவ்வளவு நன்றாகச் சொல்கிறார் பாவி மனுஷன். என் தம்பி உயிரோடு இருப்பது எனக்கே தெரியும், எனக்கே ஆறுதலாக இருந்தது. இந்தக் குரலைக் கேட்டுக்கொண்டுதான் முப்பத்தாறு பேர் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

டீ வந்தது. அவர் குடித்துவிட்டு, மடியில் வைத்திருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே ஒரு சின்னத் தோல் பை. தோளில் மாட்டுகிற மாதிரி, பழுப்பு நூலில் நெருக்கமாகத் தையல் போட்டது.

"உன்கிட்ட சொல்றதுக்கென்ன. பெலாய்னெஷுக்கு. கோயிலுக்குப் போறப்ப காச முந்தானையில முடிஞ்சு முடிஞ்சு தொலைக்கிறா. நாலு மாசமா ராத்திரியில தச்சேன். நான் வர்றது அவளுக்குத் தெரியாது, லெம்லெம்கிட்டயும் சொல்லல." பையைத் திருப்பிப் பார்த்தார். "உன் தம்பிக்கு உடம்பு சரியில்லாதப்ப எனக்கு இப்படி ஒரு சந்தோஷம். தப்புதான். மன்னிச்சுக்கோ."

என்னால் தாங்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கைக்குட்டை எடுக்கக் குனிந்து காலடியிலிருந்த பையின் ஜிப்பை இழுத்தேன். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன்.

"ஏய், பிச்சுடாதே. குடு இப்படி. நான் போட்ட ஜிப்பு, எங்கிட்டதான் அடங்கும்."

கொடுத்துவிட்டேன். புத்தி கெட்டவள், கொடுத்துவிட்டேன். அவர் பையை மடியில் வைத்து, சிக்கியிருந்த துணியை நகத்தால் மெதுவாக நெம்பினார். ஜிப் இரண்டு விரற்கடை திறந்தது. சிக்கியது ஒரு கறுப்புக் கைப்பட்டி. அதில் ஒரு பொத்தான். பொத்தானில் தடித்த பழுப்பு நூல்.

அவர் கை நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, அப்போது நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பொத்தானின் மேல் கட்டைவிரலை வைத்து ஒரு தடவை தடவினார். பிறகு துணியை உள்ளே தள்ளினார், என் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார், ஜிப்பை மூடி, பையை என் காலடியிலேயே வைத்தார்.

"இப்ப சரியா ஓடும்," என்றார்.

கண்டுபிடித்துவிட்டாரா? கண்டுபிடித்திருந்தால் கத்தியிருக்க மாட்டாரா? எழுந்து ஓடியிருக்க மாட்டாரா? என்னிடமும் ஒரு கறுப்புச் சட்டை இருக்கக் கூடாதா என்று நினைத்திருக்கலாமே. அவர் முகத்தைப் பார்த்தேன். எப்போதும்போல இருந்தது. தோல் பையை மறுபடி காகிதத்தில் சுற்றி, மடித்து, மடியில் வைத்துக்கொண்டார். டீக்கு வந்த பிஸ்கட்டை எடுத்துப் பாதியாகப் பிய்த்தார்.

"சாப்பிடு தங்கச்சி. காலையிலேர்ந்து நீ விழுங்கினது ஒண்ணும் உள்ள போகல, நான் பாத்தேன்."

வாங்கித் தின்றேன். அவரும் மிச்சப் பாதியைத் தின்றார். எனக்கு மூச்சு வந்தது. தின்கிறாரே, அப்படியானால் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். தெரிஞ்சவன் தின்பானா என்று அவரே எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்.

கப்பை எடுத்துக்கொண்டு போனார்கள். கண்டம் ஆரம்பித்தது. நான் பேச்சுக் கொடுக்க வாயைத் திறக்குமுன் அவரே ஆரம்பித்தார். மிளகாய்ப்பொடி ஏன் மழைக்காலத்தில் கட்டி தட்டுகிறது என்று கேட்டார். சந்தையில் என் பக்கத்துக் கடைக்காரிக்கும் எனக்கும் நடந்த சண்டையை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார். கீழே ஏரி வந்தபோது, "பாரு, தானா ஏரி, இன்னும் பதினஞ்சு நிமிஷம்தான்" என்று என்னைத்தான் தேற்றினார். அவர் கை மட்டும் காகிதப் பொட்டலத்தின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தது. இறங்கும்போது காகிதம் நைந்து கந்தலாகியிருந்தது.

சக்கரம் தரையைத் தொட்டது. ஒரு மணி பன்னிரண்டு நிமிஷம். விமானம் நின்று எல்லாரும் எழுந்து பெட்டிகளை இறக்கினார்கள். முடித்துவிட்டேன், நான், ஸெனெபெச், ஒரு பொய்யை முழுசாகக் கரை சேர்த்துவிட்டேன் என்று எனக்கே நம்ப முடியவில்லை. அவர் எழுந்திருக்கவில்லை.

"அண்ணே, எறங்கலாமா?"

"அந்தச் சட்டய எடு தங்கச்சி. ஏர்போர்ட் வாசல்ல நிப்பாங்க, அங்க போட்டுக்க நேரம் இருக்காது."

திரும்ப உட்கார்ந்தேன். "அண்ணே," என்றேன்.

"நல்லாத்தான் பண்ணே. நான் பாத்ததுல உன்னளவுக்கு யாரும் கஷ்டப்பட்டதில்ல," என்றார். குரல் உடையவில்லை. முன் இருக்கையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாத்தியாருக்குத் தெரிஞ்சிருக்கு."

"யாருக்கு?"

"ஜிம்மா வாத்தியாருக்கு. பிஸ்கட்டப் பிச்சுக் குடுத்தாரே. தெரிஞ்சுதான் குடுத்திருக்காரு. நான் படுற பாட்டப் பாத்து." கந்தலான காகிதத்தைக் கசக்கினார். "காய்ச்சலுக்கு யாரு விமானத்துல கூட்டிட்டுப் போவா, ஸெனெபெச்? காய்ச்சலுக்கு பஸ் போதுமே. டிக்கெட்டக் கையில குடுக்கறப்பவே அவங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கும். மெக்கெல்லே போன பட்டாளத்துக்காரர் எறங்கறப்ப என் முதுகத் தட்டினாரு, 'நல்லபடியா கூட்டிட்டு வந்தே தம்பி'ன்னு. டிரெதாவா போன அம்மா வழியெல்லாம் ஜிப்பு வெல கேட்டுக்கிட்டே வந்தா. முப்பத்தாறு பேரு. ஒருத்தருக்கும் தெரியலன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அத்தன பேரும் என் மனசு நோகக் கூடாதுன்னு வாய மூடிக்கிட்டு உக்காந்து வந்திருக்காங்க."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அடக்கி வைத்த அழுகை எல்லாம் வந்தது. "நான் சொல்லிடறேன் அண்ணே. இப்பவே சொல்லிடறேன்."

"வேணாம்." அவர் என் வாய்க்கு முன்னால் கையை நீட்டினார். "அங்க எனக்குன்னு இருக்கறது மூணு பேரு. பெலாய்னெஷ், லெம்லெம், அந்தப் பச்சப்புள்ள. ஜிப்பத் தொறந்ததுலேர்ந்து மாத்தி மாத்தி மூணு பேரையும் பொதச்சுக்கிட்டு வர்றேன். போனது யாருன்னு நீ சொல்லாத வரைக்கும் மூணு பேரும் உசுரோடதான் இருக்காங்க. வாசல் வரைக்கும் இருக்கட்டும். நடந்தா ஒரு அஞ்சு நிமிஷம் வருமா?"

"வரும் அண்ணே."

"அது போதும்."

கறுப்புச் சட்டையை வெள்ளைச் சட்டைக்கு மேலேயே போட்டுக்கொண்டார். பொத்தானை ஒன்று தள்ளி மாட்டிவிட்டார். நான் எல்லாவற்றையும் கழற்றிச் சரியாக மாட்டிவிட்டேன். படியில் இறங்கினோம். வெயில் சுள்ளென்று இருந்தது. என்னை முன்னால் போகச் சொல்லிவிட்டு, அவர் மெதுவாகப் பின்னால் வந்தார். பின்னால் வந்த எல்லாரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒரு இடத்தில் நின்று செருப்பு வாரைச் சரி செய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

துக்க வீட்டுக்காரர்கள் விமான நிலையத்துக்கு வரக் கூடாது, வீட்டில்தான் இருக்க வேண்டும். லெம்லெம் யார் பேச்சைக் கேட்டாள். வாசலுக்கு வெளியே பத்திருபது பேர் கறுப்பில் நின்றார்கள், என் தம்பி சிசாய் முன்னால் நின்றான். அவன் பக்கத்தில் லெம்லெம் நின்றாள், அவள் முதுகில் துணியில் கட்டிய குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

தாம்தே அண்ணன் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார். மகளைப் பார்த்தார். அவள் முதுகிலிருந்த குழந்தையைப் பார்த்தார். குழந்தையின் கால் அசைகிற வரைக்கும் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த தோல் பையைப் பார்த்தார்.

"பெலாய்னெஷா," என்றார்.

"ஆமா அண்ணே."

அந்தப் பையின் வாரைப் பிரித்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அவர் அவர்களை நோக்கி நடந்தார்.